லேபர் வார்டில் பதினொரு பிரசவம், லாக்புக்கில் இரண்டு

எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசியில் வருகிற ஒரு வருடப் பயிற்சி, அதாவது என்னுடைய ஹவுஸ் சர்ஜன் வருடம், 2025 மே 20ஆம் தேதி முடிந்திருக்க வேண்டும். முடித்ததற்கான சான்றிதழ் கைக்கு வந்தது ஜூலை 15. இடையில் நான் யாரோடும் சண்டை போடவில்லை, டியூட்டிக்கு மட்டம் போடவில்லை, வருடம் முழுக்கக் கிடைக்கிற 15 நாள் விடுப்பிலேயே 4 நாள் மிச்சம் வைத்திருந்தேன். நோயாளி யாருக்கும் என்னால் கெடுதல் நடக்கவில்லை என்றும் நம்பிக்கொண்டிருந்தேன், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். செய்த வேலையை எழுதிக் கையெழுத்து வாங்குகிற லாக்புக்கில் மகப்பேறு பக்கத்தின் கையெழுத்துக் கட்டம் முக்கால்வாசி காலி, மதிப்பெண் கட்டம் ஒன்றில் 5க்கு 2. இவை இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்தையும் கிட்டத்தட்ட எண்பதாயிரம் ரூபாயையும் சாப்பிட்டுவிட்டன. எனக்கு முன்னால் எக்ஸ்டென்ஷன், அதாவது பயிற்சிக் கால நீட்டிப்பு, வாங்கினவர்கள் கட்டாயம் இருந்திருப்பார்கள். கௌரவக் குறைச்சல் என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. நான் கேட்டுப் பார்த்த இரண்டு சீனியர்களும் பேச்சை மாற்றினார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், அடுத்து வருகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

நாங்கள் 2019 பேட்ச். திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் என்று தேசிய அளவில் எம்.பி.பி.எஸ். படிப்பை மாற்றியபோது அதில் முதலில் மாட்டியவர்கள் நாங்கள்தான். ஒவ்வொரு பாடத்திலும் மாணவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எதைச் செய்துகாட்ட வேண்டும், எதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்று எண் போட்டு அடுக்கியிருந்தார்கள். ஜார்ஜ் மில்லர் என்பவர் 1990இல் வரைந்த பிரமிடு ஒன்று உண்டு. தெரியும், எப்படி என்று தெரியும், செய்துகாட்டுவார், நிஜத்தில் செய்வார் என்று நான்கு படி. முதல் வருடத்தில் அதை ஸ்லைடில் காட்டும்போது பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் கொரோனா வந்து, செய்துகாட்ட வேண்டியதையெல்லாம் போன் திரையில் பார்த்தோம். 2024இல் நெக்ஸ்ட் என்கிற புதிய தேசியத் தேர்வு எங்கள் தலையில்தான் விடியும் என்று பயமுறுத்தி, 2023 ஜூலையில் அதைத் தள்ளிவைத்தார்கள். இப்படி ஒவ்வொன்றிலும் சோதனை எலியாக இருந்து பழகிவிட்டதால், ஹவுஸ் சர்ஜன் லாக்புக்கைக் கையில் கொடுத்தபோது அதையும் இன்னொரு நோட்டு என்று பையில் போட்டுக்கொண்டேன். என் முதல் தப்பு அங்கேதான்.

2021இல் வந்த பயிற்சி மருத்துவர் விதிகளின்படி இந்த ஒரு வருடத்தைத் துறைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். சமூக மருத்துவம் 12 வாரம், மகப்பேறு 7, பொது மருத்துவம் 6, அறுவை சிகிச்சை 6, குழந்தைகள் பிரிவு 3, மனநலம் 2 என்று போகும். ஒவ்வொரு துறைக்கும் லாக்புக்கில் தனிப் பகுதி. எந்தச் செயல்முறையைப் பார்த்தோம், எதில் உதவினோம், எதை நாமே செய்தோம் என்று மூன்று வகையாக எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் மதிப்பீடு. எங்கள் லாக்புக்கில் இருந்தது 1997 விதிகளிலிருந்தே வருகிற ஐந்து தலைப்புகள்: நோய் பற்றிய அறிவு, செய்முறைத் திறன், பொறுப்பும் நேரம் தவறாமையும், மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வது, தானாக முன்வந்து கற்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. இதில் ஏதாவது ஒன்றில் 3க்குக் கீழே போனாலும் அந்தப் போஸ்டிங் திருப்தியில்லை என்று அர்த்தம். மொத்தத்தைக் கூட்டிச் சராசரி போடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நான்கில் 5 வாங்கி ஒன்றில் 2 வாங்கினால் பாஸ்தானே என்று நினைப்போம் இல்லையா, அப்படிக் கிடையாது. லாக்புக்கின் முதல் நான்கு பக்கங்களை நான் முதன்முதலாகப் படித்தது, எனக்கு 2 விழுந்த அன்று சாயங்காலம். சேர்ந்த அன்றே அரைமணி நேரம் உட்கார்ந்து படித்துவிடுங்கள். போரடிக்கும், பரவாயில்லை.

மகப்பேறு போஸ்டிங் எனக்கு 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தது. அரசு மருத்துவமனை லேபர் வார்டு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலை ஏழரைக்கு உள்ளே போனால் ரத்தம் எடுப்பது, பிளட் பேங்குக்கு ஓடுவது, ஸ்கேனுக்கு ஆள் தள்ளிக்கொண்டு போவது, கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண்ணைத் தேடிக் கேஸ் ஷீட்டில் எழுதுவது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது. இதற்கெல்லாம் லாக்புக்கில் கட்டம் கிடையாது. நடுவில் எப்போதாவது முதுநிலை படிக்கிற பி.ஜி. அக்கா, "ஏய், கிளவ்ஸ் போடு, தலை தெரியுது" என்று கூப்பிடுவார். அந்த ஏழு வாரத்தில் என் கையில் வாங்கிய குழந்தைகள் பதினொன்று. நானே எண்ணி வைத்திருந்தேன். முதல் குழந்தை வழுக்கிக்கொண்டு வந்து கையில் விழுந்தபோது பயத்தில் எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது, அதற்கப்புறம்தான் அது அழுதது. அன்றைக்கு மேற்பார்வையில் இருந்த உதவிப் பேராசிரியர் மேடம் கதவருகே நின்று, பக்கத்து மேசையில் ரத்தப்போக்கோடு இருந்த இன்னொருவரைப் பார்த்தபடியே, "குட், ஆக்ஸிடோசின் போட்டாச்சா?" என்றார். ரத்தப்போக்கைத் தடுக்கிற அந்த ஊசியைப் பத்து யூனிட் தொடையில் போட்டாயிற்று என்று சிஸ்டர்தான் பதில் சொன்னார். மேடம் என்னைப் பார்த்தது மொத்தம் ஐந்து வினாடி இருக்கும். ஆனாலும் அவருக்கு என்மேல் பிரியம் உண்டு, "நல்லா வேலை பாக்குற பொண்ணு" என்று ரவுண்ட்ஸில் சொல்லியிருக்கிறார். அந்தப் பிரியத்தை நம்பித்தான், கையெழுத்தெல்லாம் கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து அன்றைக்கே வாங்க வேண்டும். அன்றைக்கு முடியாவிட்டால் அந்த வாரக் கடைசியில். அதற்குமேல் போனால் யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஞாபகம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கோட்டுப் பையில் ஒரு சின்ன டைரி வைத்துக்கொண்டு, தேதி, நேரம், ஐ.பி. எண் (உள்நோயாளிப் பதிவு எண்), நீங்கள் செய்தது என்ன, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். நோயாளி பெயர் வேண்டாம், கேஸ் ஷீட்டைப் போனில் படம் எடுக்கவும் வேண்டாம், அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும். இன்னொன்று, லேபர் வார்டு ரிஜிஸ்டரில் பிரசவம் பார்த்தவர் யார் என்று எழுதுகிற இடம் இருக்கும். அங்கே வழக்கமாக டியூட்டி பி.ஜி. பெயரோ சிஸ்டர் பெயரோதான் ஏறும். "அக்கா, என் பேரையும் ஒரு ஓரமா போட்டுடுங்க" என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பதினொரு பிரசவத்தில் இரண்டில் மட்டும் என் பெயர் இருந்தது. ஒரு ராத்திரி டியூட்டியில் சிஸ்டர் தானாகவே எழுதியது அது, அவருக்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மேடம் டிசம்பரில் மாறுதலாகி வடக்கே ஒரு மாவட்டத்துக்குப் போய்விட்டார். பிரிவு உபசார விழாவில் அவரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டேன், லாக்புக் ஹாஸ்டல் அலமாரியில் கிடந்தது.

இனி எழுதப்போவதற்குத் திட்டு வாங்குவேன், வாங்கிக்கொள்கிறேன். மே மாத முதல் வாரம் எங்கள் குவார்ட்டர்ஸில் லாக்புக் திருவிழா நடந்தது. நன்றாக எழுதியிருக்கிற ஒருவருடைய நோட்டை நடுவில் வைத்து, சுற்றிலும் எட்டுப் பேர் உட்கார்ந்து காப்பி அடிப்போம். ஒரே நாளில் எழுதினது தெரியாமல் இருக்க நீலம், கறுப்பு, ஜெல் என்று மூன்று நான்கு பேனா. ஐ.பி. எண் கற்பனையில் வரும். நான் கண்ணால்கூடப் பார்க்காத முதுகுத்தண்டு நீர் எடுப்பதை "உதவினேன்" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறேன். பொது மருத்துவத்தில் அது ஒரே நிமிடத்தில் கையெழுத்தாகித் திரும்பி வந்தது. யாரும் பக்கத்தைப் புரட்டவே இல்லை. மாணவராக இருந்த காலத்து லாக்புக்கிலும் இதே கதைதான். அதில் ஒவ்வொரு திறனுக்கும் எதிர்பார்த்த அளவுக்குக் கீழே, அந்த அளவுக்கு, அதற்கும் மேலே என்று மூன்றில் ஒன்றை ஆசிரியர் குறிப்பார். முடிந்தது, திரும்பச் செய்ய வேண்டும் என்று முடிவு எழுத ஒரு கட்டம். கடைசியில், ஆசிரியர் சொன்ன கருத்தைக் கேட்டுக்கொண்டேன் என்று மாணவரே கையெழுத்துப் போடுவதற்கு ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் நான் நாற்பது ஐம்பது கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒருவரும் ஒரு கருத்தும் சொன்னதில்லை. அந்தக் கட்டம் எதற்காக இருக்கிறது என்று ஒருநாள்கூட யோசிக்காமல் போட்டேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வருகிறது.

மகப்பேறுத் துறையில் மட்டும் அந்த ஒரு நிமிடக் கையெழுத்து நடக்கவில்லை. புதிதாக வந்திருந்த துறைத்தலைவர் நோட்டை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, லேபர் வார்டு ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார். என் நோட்டில் இருந்த பதினொரு எண்களையும் ரிஜிஸ்டரில் தேடினார். பிரசவம் பார்த்தது நிஜம், ஆனால் எண்களை நான் அப்போதே எழுதி வைக்காததால் ஞாபகத்திலிருந்தும் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டும் நிரப்பியிருந்தேன். ஒரு எண்ணைப் பார்த்தால் அது கர்ப்பப்பை அகற்றியவருடையது. இன்னொன்று சிசேரியன். "ஏம்மா, சிசேரியன் ஆன அம்மாவுக்கு நீ எப்படி நார்மல் டெலிவரி பார்த்த?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குக் காது அடைத்துப்போனது. "மேடம், நிஜமாவே பார்த்தேன், நம்பர் மட்டும்தான்..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன். செய்முறைத் திறன் கட்டத்தில் 2 போட்டார். நான்கு வாரம் திரும்பப் போஸ்டிங் என்று எழுதி டீன் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். என்னைப்போலவே இட்டுக்கட்டி எழுதிய இரண்டு பேருக்கு அன்று லேபர் வார்டில் அவசரம் என்று அவர் எழுந்து போனதால், அடுத்த நாள் வேறொருவர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் முழுசாகத் தணியவில்லை.

முதலில் செய்தது, மாறுதலாகிப்போன மேடத்தைத் தேடிப் போனது. ராத்திரி பஸ், விடியற்காலை நாலு மணிக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டில் காபி குடித்துவிட்டுக் கர்ப்பிணிகள் வரிசைக்குப் பின்னால் லாக்புக்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரைக்கு மேடம் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தார். "நீ டெலிவரி பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கும்மா. ஆனா எத்தனை, எந்தத் தேதின்னு நான் எப்படிப் போடறது? ரெண்டு ரிஜிஸ்டர்ல இருக்குன்றியே, அதுக்குப் போடறேன்" என்றார். இரண்டு வரிக்குக் கையெழுத்துப் போட்டு, தேதியையும் அன்றைய தேதியாகவே போட்டார். பழைய தேதி போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை. மறுபடியும் ஒருமுறை, துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் வாங்க அதே பஸ்ஸில் போய்வந்தேன். அந்தக் கடிதத்தால் ஒன்றும் மாறவில்லை. நான் நேர்மையான ஆள் என்று அதில் எழுதியிருந்தது, என் தையல் எப்படி இருக்கும் என்று எழுதவில்லை. அவருக்கும் அது தெரியாதே.

பணக் கணக்கு இதுதான். ஜூன் 1ஆம் தேதி முதல் ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராகச் சேரப் பேசி வைத்திருந்தேன், மாதம் 40,000. ஒன்றரை மாதத்துக்கு 60,000 போயிற்று, அப்புறம் அந்த இடமும் போயிற்று. பேட்ச் முடிந்ததும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், வெளியே அறை இரண்டு மாத வாடகை 11,000. சாப்பாடு 7,000 அளவுக்கு. பஸ் இரண்டு தடவைக்கும் சேர்த்து 1,700. மொத்தம் 79,700. திரும்பச் செய்கிற போஸ்டிங்குக்கு ஊக்கத்தொகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இதைவிடப் பெரிய பயம் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, நீட் பி.ஜி. அதற்கு 3,500 ரூபாய் கட்டி விண்ணப்பித்திருந்தேன். அந்த வருடம் ஜூலை 31க்குள் ஹவுஸ் சர்ஜன் முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒருநாள் தாண்டினாலும் ஒரு வருடம் போச்சு. டீன் அலுவலகத்தில் என் கோப்பு மூன்று வாரம் அசையவில்லை. மறு போஸ்டிங் ஆணை வந்தது ஜூன் 10. ஜூன் 15ஆம் தேதி நடக்க இருந்த தேர்வு, ஒரே ஷிப்டில் நடத்த வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவால் ஆகஸ்ட் 3க்குத் தள்ளிப்போயிருந்தது. நாடு முழுக்கப் பலர் அதற்குத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

யாருக்காவது இப்படி எக்ஸ்டென்ஷன் வந்தால் முதல் வேலையாக ஆணையை எழுத்தில் கேளுங்கள். எந்தத் துறை, எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து, எந்தத் திறன் குறைவு என்று அதில் இருக்க வேண்டும். "அடுத்த மாசம் வாம்மா, பாத்துக்கலாம்" என்பதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஜூலை 31 வந்துவிடும். ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) அலுவலகத்தில் வருகைப் பதிவு முழுசாக இருக்கிறதா என்று அதே நாளில் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரு ஓட்டை இருந்தால் அது தனிக் கோப்பாகும். அப்புறம் வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு வாரம் மறைத்தேன். சொன்னபோது அப்பா, "இதுக்கா தாயி சாப்பிடாம கெடக்குற" என்று கேட்டுவிட்டு மறுநாளே அறை வாடகையைப் போட்டுவிட்டார். மறைத்த இரண்டு வாரமும் வீண்.

மறு போஸ்டிங்கில் என்னை ஒரு உதவிப் பேராசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவரும் மேடம்தான், சின்ன வயது, அதிகம் பேசமாட்டார். முதல் நாளே, "லாக்புக்கை ரூம்லயே வெச்சிட்டு வாம்மா. நீ செய்யறப்ப நான் பக்கத்துல நிப்பேன். நோயாளிக்கு ஆபத்துன்னா மட்டும்தான் கைய வெப்பேன். மத்தபடி முடிஞ்சப்புறம் பேசலாம்" என்றார். ஜூன் 13ஆம் தேதி சாயங்காலம், முதல் பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண். தலை இறங்கும்போது எபிசியாட்டமி, அதாவது குழந்தை வரும் வழியை அகலப்படுத்த ஒரு வெட்டு, போட வேண்டியிருந்தது. குழந்தை வந்து, நஞ்சுக்கொடி வந்து, எல்லாம் ஒழுங்காக முடிந்தது. தையலுக்கு உட்கார்ந்தேன். இதற்கு முன் ஆறேழு தையல் தனியாகப் போட்டிருக்கிறேன், கையெல்லாம் வேகம். வெட்டின் மேல்நுனியில் ஊசியை நுழைத்ததும், "நில்லும்மா" என்றார்.

அந்த நுனியில் வெட்டுப்பட்ட ரத்தக்குழாய் உள்ளே சுருங்கி ஏறியிருக்கும். அதனால் முதல் தையலை நுனிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே போட்டுக் கட்ட வேண்டும், அதற்கப்புறம்தான் கீழே இறங்க வேண்டும். நான் கண்ணுக்குத் தெரிந்த நுனியிலேயே ஆரம்பித்திருந்தேன். இத்தனை நாளும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் படித்திருக்கிறேன், தேர்வில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எழுதத் தெரிந்தது கைக்கு வரவில்லை, வரவில்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்து இடுக்கியின் கோணத்தை மாற்றி, விரலால் நுனியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். முடிந்ததும் பஞ்சையும் துணியையும் எண்ணச் சொன்னார், ஆசனவாய் வழியே விரல் விட்டுத் தையல் ஏதும் அங்கே குத்தியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அந்தக் கடைசிப் பரிசோதனையை நான் முன்னால் போட்ட ஆறேழில் எத்தனை பேருக்குச் செய்தேன் என்று யோசித்தேன். இரண்டு பேருக்கு, அதிகம் போனால் மூன்று. மற்றவர்கள் வீட்டுக்குப் போய் எப்படி இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்காவது உள்ளே ரத்தம் கட்டியிருக்குமா, உட்கார முடியாமல் வலித்திருக்குமா. அன்று ராத்திரி அறைக்குப் போய் நெடுநேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்டென்ஷன் விழுந்த அன்று வந்த அழுகை வேறு, இது வேறு.

அந்த நான்கு வாரத்தில் அவர் என்னைப் பார்த்து மதிப்பிட்டது மொத்தம் ஒன்பது முறை. சிலது நான் செய்முறை செய்வதை நேரில் பார்த்து மதிப்பிடுவது, டாப்ஸ் என்று சொல்வார்கள். சிலது நோயாளியோடு பேசிப் பரிசோதிப்பதை இருபது நிமிடம் ஓரமாக நின்று பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் கருத்துச் சொல்வது. அதற்கு மினி-சி.இ.எக்ஸ். என்று பெயர், ஆங்கிலத்தில் சேர்த்து உச்சரித்தால் வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் சிஸ்டர்கள் அதை "மேடம் பரீட்சை" என்றே சொன்னார்கள். ஒருதரம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை சொல்லி முடித்தபின், "நீ பேசினது எல்லாம் சரி. ஆனா அந்தம்மா ரெண்டு தடவை மாமியாரத் திரும்பிப் பாத்தாங்க. மாமியார வெளிய அனுப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல?" என்றார். எந்தக் கட்டத்திலும் இதற்கு மதிப்பெண் கிடையாது. எனக்கு அந்த வருடத்தில் கிடைத்ததிலேயே உருப்படியான ஐந்து நிமிடம் அது.

இதை நீங்களும் கேட்டு வாங்கலாம், எக்ஸ்டென்ஷன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு போஸ்டிங்குக்கு இரண்டே இரண்டு முறை போதும். "சார், இன்னிக்கு இந்த ஒண்ண மட்டும் முழுசா பாத்துட்டு என்ன தப்புன்னு சொல்றீங்களா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் நேரமில்லை என்பார்கள், நிஜமாகவே நேரம் இருக்காது. ஒரே ஆள் ஓ.பி.யும் பார்த்து, தியேட்டரிலும் நின்று, முப்பது லாக்புக்கையும் திருத்த வேண்டுமென்றால் அந்த ஒரு நிமிடக் கையெழுத்துதான் வரும். உதவிப் பேராசிரியர் கேட்காவிட்டால் சீனியர் பி.ஜி.யைக் கேளுங்கள், கையெழுத்துக்கு ஆகாவிட்டாலும் கைக்கு ஆகும். ராத்திரி ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே சற்று ஓய்ந்திருக்கும் நேரம் நல்ல நேரம். ரவுண்ட்ஸ் நடுவில் நோட்டை நீட்டாதீர்கள்.

ஜூலை 9ஆம் தேதி நோட்டைத் துறைத்தலைவரிடம் கொண்டுபோனேன். அவர் எபிசியாட்டமி பக்கத்தில் நின்றார். உதவிப் பேராசிரியர் தன் கையால் ஐந்து வரி எழுதியிருந்தார். ஜூன் 13, முதல் தையல் தவறான இடத்தில், மேற்பார்வை தேவை, 2. ஜூன் 17, நுனியைக் கண்டுபிடிக்கிறார், வேகத்தைக் குறைக்க வேண்டும், 2. ஜூன் 24, 3. ஜூன் 30, பரிசோதனையை நினைவூட்ட வேண்டியிருந்தது, 3. ஜூலை 4, உதவியில்லாமல் செய்தார், 4. துறைத்தலைவர் அதை இரண்டு முறை படித்தார். ரிஜிஸ்டரைக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, "படிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். டீன் அலுவலகத்தில் இன்னும் ஆறு நாள் ஆயிற்று.

நீட் முடிந்த வாரம், அப்போது ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஜூனியர் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் வந்தாள். "அக்கா, உங்க லேபர் வார்டு லாக்புக் போட்டோ எடுத்து அனுப்புங்களேன், பாத்து எழுதிக்கிறேன்" என்றாள். அந்த ஐந்து வரிப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "அக்கா, இதுல ரெண்டு தடவ 2 போட்டிருக்கே. இத எப்படி காப்பி அடிக்கிறது?"